ரத்து செய்தோம், நிறுத்தவில்லை

பில்டைப் பாதியில் ரத்து செய்வது எங்கள் தொழிலில் தவறே இல்லை. வேறொரு கிளையைத் தவறுதலாக ஓடவிட்டிருப்போம். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனது அப்போதுதான் கண்ணில் படும். இல்லையென்றால் டெஸ்ட் இழுத்துக்கொண்டே போகும், டீக்குப் போகிறவர்கள் கூப்பிடுவார்கள். பில்டுகளை ஓட்டும் ஜென்கின்ஸின் திரையில் பெருக்கல் குறியை அழுத்துவோம். பில்டின் வட்டம் சாம்பல் நிறமாகும். சாம்பல் வந்தால் விஷயம் முடிந்தது என்று ஓஎம்ஆர் சாலையில் இருந்த எங்கள் குழுவில் எல்லோருமே எடுத்துக்கொண்டோம். ஆர்க்கிடெக்ட் என்று பதவிப் பெயர் வைத்திருந்தவரிலிருந்து கல்லூரி முடித்து நேற்றுச் சேர்ந்தவர் வரை இதில் வித்தியாசம் இல்லை. பில்டு ஓடிய சர்வருக்குள் போய், உண்மையிலேயே நின்றதா என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பார்ப்பதற்கு ஒரு கட்டளை போதும். லினக்ஸில் பிஎஸ் கட்டளையை உரிய தேர்வுகளோடு அடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் தொடங்கிவைத்த தாய் ப்ராசஸின் எண்ணையும் கேட்டு வாங்கலாம். நேற்று மாலை ரத்தான பில்டின் டெஸ்ட்கள் இன்று காலையிலும் அங்கே இருக்கும். ஜாவா இருக்கும், நோட் இருக்கும், திரையே இல்லாமல் ஓடும் குரோம் கூட்டமாக இருக்கும். தாயின் எண் இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று இருக்கும். அவற்றைத் தொடங்கிவைத்த ப்ராசஸ் செத்துவிட்டது, யூனிக்ஸ் வழக்கப்படி இயந்திரத்தின் முதல் ப்ராசஸ் அவற்றைத் தத்து எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். நாங்களோ டிக்கெட்டுகளில் இவற்றை ஸாம்பி என்று எழுதிவந்தோம். ஸாம்பி என்பது செத்துப்போன ப்ராசஸ். பட்டியலில் ஒரு வரியைத் தவிர அது எதையும் தின்னாது. இவை சாகவே இல்லை. மெமரி, சிபியு, போர்ட், தரவுத்தள இணைப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தன. உயிரோடு இருந்ததைச் செத்தது என்று நாங்கள் எழுதியதிலிருந்தே, எவ்வளவு பார்த்தோம் என்பது தெரியும்.

ரத்து பொத்தான் என்ன செய்கிறது என்பதை நாங்கள் படித்ததில்லை. பில்டு என்பது ஒரு ப்ராசஸ் அல்ல. பில்டு சர்வரில் இருக்கும் ஜென்கின்ஸ் ஏஜென்ட் ஒரு ஷெல்லைத் தொடங்கும். ஷெல் மேவனையோ என்பிஎம்மையோ தொடங்கும். அது டெஸ்டை ஓட்டத் தனியாக இன்னொரு ப்ராசஸைத் தொடங்கும். டெஸ்ட் போய் ஒரு சர்வரையும் குரோம் டிரைவரையும் தொடங்கும். டிரைவர் குரோமைத் தொடங்கும். நிறுத்து என்ற சிக்னல் மேலே இருக்கும் ஷெல்லுக்கு மட்டும் போனால் ஷெல் செத்துவிடும், அவ்வளவுதான். மேஸ்திரியைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, அவர் கூட்டிவந்து மூன்றாவது மாடியில் நிறுத்திய சித்தாள்களிடம் யாரும் சொல்லாமல் விட்டதுபோல, கீழே இருக்கிற எதற்கும் சேதி போகாது.

இதில் எங்களை ஏமாற்றியது எங்கள் லேப்டாப்தான். சொந்த மெஷினில் டெர்மினலில் டெஸ்டை ஓட்டி கண்ட்ரோல்-சி அடித்தால் எல்லாமே நிற்கும். டெர்மினல் அந்தச் சிக்னலை முன்னணியில் இருக்கும் ப்ராசஸ் குரூப் முழுவதற்கும் அனுப்புகிறது, அதனால் நிற்கிறது. பில்டு சர்வரில் டெர்மினலே கிடையாது. “என் மெஷின்ல நிக்குதே” என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் உண்மையைத்தான் சொன்னோம். அங்கே நிற்பதற்கும் இங்கே நிற்காததற்கும் காரணம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

சுத்தம் செய்யும் கோடை எழுதியிருக்கிறோமே என்ற தைரியமும் இருந்தது. ஒவ்வொரு டெஸ்ட் வகுப்பின் கடைசியிலும் பிரௌசரை மூடும் வரி உண்டு. க்விட் என்று எழுத வேண்டிய இடத்தில் க்ளோஸ் என்று எழுதி, ஜன்னலை மட்டும் மூடி டிரைவரை விட்டுவைத்தவர்களும் எங்களில் உண்டு, அது தனிக் கதை. சரியாக எழுதியவர்களின் கோடும் ரத்தின்போது ஓடாது. ஜேவிஎம்முக்கு டெர்ம் சிக்னல் வந்தால் அது ஷட்டவுன் ஹூக்குகளை ஓட்டும். ஃபைனலி பிளாக்கையும் டெஸ்டின் கடைசிப் படியையும் ஓட்டாது. கில் மைனஸ் 9 வந்தால் ஹூக்கும் இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தால் மட்டும் வேலை செய்யும் துப்புரவைத்தான் எழுதி வைத்திருந்தோம்.

முதலில் மெமரி போயிற்று. பில்டு சர்வரில் 16 ஜிபி. அதிகபட்ச ஹீப் எவ்வளவு என்று சொல்லாமல் தொடங்கினால் ஜேவிஎம் இயந்திர மெமரியில் கால் பங்கு வரை வளரலாம் என்று எடுத்துக்கொள்ளும். இங்கே 4 ஜிபி. அப்படி நான்கு ப்ராசஸ்கள் தங்கிவிட்டால் கணக்குப்படி சர்வர் காலி. மெமரி தீர்ந்தால் லினக்ஸ் தானாக ஒரு ப்ராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பது சாகும். அது பழைய பில்டின் மிச்சமாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. இப்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பில்டு செத்து, 137 என்ற எண்ணோடு விழும். 137 பார்த்தால் “மெமரி பத்தலை” என்பது எங்கள் மனப்பாடம். பட்ஜெட் கேட்டோம், காரணம் எழுதினோம், அனுமதி வாங்கி 32 ஜிபி போட்டோம். கால் பங்கு 8 ஜிபி ஆயிற்று. அதே நான்கு ப்ராசஸ்கள் 32 ஜிபியையும் தின்னலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எங்கள் குழுவில் யாருக்கும் தோன்றவில்லை; எல்லோரும் பொறியியல் படித்தவர்கள்.

மெமரியை விடுங்கள், அது பணம். தரவுத்தளத்தில் நடந்ததுதான் எங்கள் பிழைப்பையே கேள்வி கேட்டது. எல்லா பில்டுகளுக்கும் பொதுவாக ஒரே டெஸ்ட் தரவுத்தளம் வைத்திருந்தோம். ரத்தான பில்டின் டெஸ்ட் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. தன் நேரம் வந்ததும், தான் போட்ட வாடிக்கையாளர் பதிவுகளை ஒழுங்காக அழிக்கிறது. அதே நேரத்தில் புதிய பில்டின் டெஸ்ட் அதே அட்டவணையில் பதிவு போட்டு, மறு வரியில் அதைத் தேடுகிறது. இல்லை. ஃபெயில். மறுபடி ஓட்டினால் பாஸ். இப்படி வந்துபோகும் டெஸ்டுக்கு ஃப்ளேக்கி என்று பெயர் வைத்துவிட்டால் காரணம் தேட வேண்டியதில்லை. மூன்று முறை தானாக மறுபடி ஓட்டும்படி ரீட்ரை போட்டோம். ரீட்ரையால் பில்டு நீண்டது. நீண்டதால் பொறுமை இழந்து ரத்து செய்தோம். ரத்து செய்ததால் இன்னும் சில ப்ராசஸ்கள் பின்னால் தங்கின. அவை இன்னும் சில டெஸ்ட்களைக் கெடுத்தன. பில்டு மெதுவாக ஓடுவதால்தான் ரத்து செய்கிறோம் என்று ரெட்ரோவில் ஸ்டிக்கி நோட்டு ஒட்டினோம். ரத்து செய்வதால்தான் மெதுவாக ஓடுகிறது என்று யாரும் ஒட்டவில்லை.

ஃபெயில் ஆனதாவது பரவாயில்லை. பாஸ் ஆனதுதான் பயங்கரம், அதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் டெஸ்ட் ஸ்கிரிப்ட் இப்படி நடக்கும்: சர்வரை 8080 போர்ட்டில் தொடங்கு, ஹெல்த் செக் முகவரியைத் தட்டிக்கொண்டே இரு, 200 என்று பதில் வந்ததும் டெஸ்ட்களை விடு. ரத்தான பில்டின் சர்வர் ஏற்கெனவே 8080இல் உட்கார்ந்திருந்தால் புதிய சர்வரால் அந்தப் போர்ட்டைப் பிடிக்க முடியாது. பிழைச் செய்தியை லாகில் எழுதிவிட்டுச் செத்துப்போகும். ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, சர்வரைப் பின்னணியில் அல்லவா தொடங்கியிருக்கிறது. அது ஹெல்த் செக்கைத் தட்டும். பழைய சர்வர் 200 என்று பதில் சொல்லும். டெஸ்ட்கள் முழுக்கப் பழைய கோடின் மீது ஓடும், எல்லாம் பச்சை. புதிய கோடின் ஒரு வரிகூட ஓடாமலே அதற்கு நாங்கள் பச்சைக் குறி கொடுத்து, கிளையை இணைத்து, அடுத்த கட்டத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

இதை முதலில் கண்டுபிடித்தது மூத்தவர்கள் யாரும் இல்லை. டெஸ்டிங் பிரிவில் இருந்த ஒரு பெண். அனுபவம் குறைவு, ஆனால் சந்தேகம் நிறைய. எல்லாமே பாஸ் ஆகிறதே என்று, உள்நுழையும் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைத்துப் பார்த்தார். அதுவும் பாஸ். ஸ்டாண்ட்-அப்பில் எழுந்து, “நான் கோடை உடைச்சிட்டேன், ஆனா டெஸ்ட் பாஸ் ஆகுது சார்” என்றார். “கேஷ் க்ளியர் பண்ணிப் பாருங்கம்மா” என்றோம். மறுபடி சொன்னார். “ரிலீஸ் முடியட்டும், பார்க்கலாம்” என்றோம். டிக்கெட் போட்டார். முன்னுரிமையைக் குறைத்து அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளினோம், அதற்கடுத்ததற்கும் தள்ளினோம். அவர் வேறு குழுவுக்கு மாறிப் போனதும், எழுப்பியவர் இல்லை என்ற காரணத்தைக் குறிப்பிட்டு டிக்கெட்டை மூடினோம். மூடியவர் பெயர் அமைப்பில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து ஒருவர் மேல் போட்டுத் தப்பிக்க வழியில்லை, அந்தக் கூட்டத்தில் எல்லோரும் இருந்தோம்.

கருவி இல்லை என்று சொல்லவும் முடியாது. ப்ராசஸ் குரூப்பும் செஷனும் 1988இன் போசிக்ஸ் தரத்திலேயே இருக்கின்றன. குரூப்பின் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு கில் அடித்தால் சிக்னல் குரூப் முழுவதற்கும் போகும். விண்டோஸ் 2000இல் ஜாப் ஆப்ஜெக்ட் வந்துவிட்டது. லினக்ஸில் சி-குரூப் 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்போடு வந்தது. 2021இல் வந்த 5.14இல் ஒரு குரூப்பில் இருக்கும் அத்தனையையும் ஒரே எழுத்தில் கொல்ல ஒரு கோப்பையே வைத்துவிட்டார்கள். எங்கள் குழுவில் சிலர் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே இருந்த வசதிகள் இவற்றில் உண்டு.

இதைவிட வெட்கம், ஜென்கின்ஸே இந்த வேலையைச் செய்கிறது என்பது. பில்டு தொடங்கும்போது பில்டு ஐடி போன்ற அடையாளங்களைச் சூழல் மாறிகளாக வைத்துவிடும். அடுத்தடுத்துப் பிறக்கும் ப்ராசஸ்கள் அதைப் பரம்பரையாக வாங்கிக்கொள்ளும். பில்டு முடிந்தாலும் ரத்தானாலும், அந்த அடையாளம் உள்ள ப்ராசஸ்களைத் தேடிப் பிடித்துக் கொல்லும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. நாங்கள்தான் அதைக் கெடுத்தோம். எப்போதோ ஒரு டிப்ளாய் ஸ்கிரிப்ட் டாம்கேட்டைத் தொடங்கியது. பில்டு முடிந்ததும் ஜென்கின்ஸ் அதையும் கொன்றது. பில்டு ஐடியின் மதிப்பை ‘டோன்ட் கில் மீ’ என்று மாற்றினால் விட்டுவிடும் என்று ஜென்கின்ஸின் கையேடே சொல்கிறது. மாற்றினோம், டாம்கேட் பிழைத்தது. அந்த இடத்துக்கு அது சரியான மருந்துதான். பிறகு அந்த ஸ்கிரிப்டைப் பிரதி எடுத்து அடுத்த ப்ராஜெக்டுக்குப் போட்டோம். அதிலிருந்து இன்னொன்று. டிப்ளாய் என்ற பெயரை டெஸ்ட் என்று மாற்றியவர் அந்த ஒரு வரியை மாற்றவில்லை. பைப்லைனுக்கு மாறியபோது சூழல் மாறியின் பெயர் வேறு என்று கண்டுபிடித்து, அங்கும் அக்கறையாக அதையே எழுதிவைத்தோம். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த மாற்றத்துக்கு ரிவ்யூவில் இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள்.

டாக்கர் வந்தபோது இந்தத் தொல்லை இனி இல்லை என்று நினைத்தோம். கன்டெய்னர் பில்டு ப்ராசஸின் பிள்ளையே அல்ல என்பதை மறந்துவிட்டோம். டாக்கர் ரன் என்று நாம் அடிப்பது, பின்னால் இருக்கும் டீமனிடம் ஒரு வேண்டுகோள் வைப்பது மட்டும். அந்த வேண்டுகோள் ப்ராசஸை மைனஸ் 9 போட்டுக் கொன்றால் கன்டெய்னர் பாட்டுக்கு ஓடும். டெர்ம் அனுப்பினால் டாக்கர் அதை உள்ளே கடத்தும். ஆனால் கன்டெய்னருக்குள் எண் 1ஆக இருக்கும் ப்ராசஸ் அந்தச் சிக்னலைக் கையாளக் கோடு எழுதியிருக்காவிட்டால் கெர்னல் அதைக் கண்டுகொள்ளாது. டாக்கரில் இனிட் என்றொரு தேர்வு இதற்காகவே இருக்கிறது, நாங்கள் போட்டதில்லை.

டெஸ்ட்கன்டெய்னர்ஸ் பயன்படுத்திய குழுக்களுக்கு இன்னும் நல்ல ஏற்பாடு இருந்தது. ரியூக் என்று ஒரு சின்ன கன்டெய்னர் கூடவே ஓடும். டெத் நோட் என்ற ஜப்பானிய மாங்காவில் வரும் மரண தேவதையின் பெயர் அது. வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. டெஸ்டோடு இணைப்பு அறுந்தால் வழக்கமாக 10 விநாடி பார்த்துவிட்டு, அந்த டெஸ்ட் தொடங்கிய கன்டெய்னர்களை அது அழித்துவிடும். அதன் இமேஜ் எங்கள் உள் ரெஜிஸ்ட்ரியில் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. அனுமதி கேட்டு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நாங்கள் ரியூக்கை அணைக்கும் சூழல் மாறியை ‘ட்ரூ’ என்று வைத்தோம். படிவம் மிச்சம்.

பிறகு கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்கு வந்தோம். புதிதாக புஷ் செய்தால் முந்தைய ஓட்டத்தைத் தானே ரத்து செய்யும் தேர்வைச் சந்தோஷமாகப் போட்டோம். அதற்கு முன்னால் ரத்து என்பது எப்போதாவது ஒரு மனிதர் செய்யும் காரியம். இப்போது ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒன்று. கிட்ஹப் தரும் ரன்னரில் ஓடினால் வேலை முடிந்ததும் அந்த இயந்திரமே ஒழிந்துபோகும். நாங்கள் செலவைக் குறைக்க அலுவலகத்து இயந்திரங்களையே ரன்னராக வைத்தோம், அவை ஒழிவதில்லை. ரத்தாகும்போது ரன்னர் முதலில் இன்டரப்ட் சிக்னல் அனுப்பி 7.5 விநாடி காத்திருக்கும், பிறகு டெர்ம் அனுப்பி 2.5 விநாடி, அதன்பின் கொலை. மொத்தம் 10 விநாடி. தரவுத்தளத்தைச் சுத்தம் செய்ய எங்கள் ஸ்கிரிப்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கையேட்டில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்க்காமலே அந்த ஸ்கிரிப்டை எழுதினோம். வேலை முடியும்போது, மிஞ்சியிருந்த இன்ன எண் ப்ராசஸைக் கொன்றேன் என்று ரன்னர் லாகின் கடைசியில் எழுதிவைக்கிறது. லாகின் கடைசிப் பகுதியை நாங்கள் திறப்பது ஃபெயில் ஆனால் மட்டும்.

இதற்கெல்லாம் கூலி கொடுத்தது இன்ஃப்ரா ஆட்கள். “சர்வர் ஸ்லோ” என்று ஒற்றை வரியில் டிக்கெட் போவது அவர்களுக்குத்தான். எங்களைவிட வயதில் மூத்த ஒருவர் அங்கே இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன்.

“அண்ணே, கொஞ்சம் ரீபூட் பண்ணி விடுங்களேன், அர்ஜென்ட்.”

“ரீபூட் பண்றது கஷ்டம் இல்லப்பா. உள்ள ஓடுறது யாரோடதுன்னு ஒரு தடவையாவது பாத்துச் சொல்லுங்க. வேற டீமோட லோடு டெஸ்ட் போயிட்டிருந்தா என்ன பண்றது?”

“எங்களோடது எதுவும் ஓடலைண்ணே, எல்லாத்தையும் கேன்சல் பண்ணியாச்சு.”

பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினோம். அவர் ரீபூட் செய்வார். யாருடையதோ ஒரு நீண்ட டெஸ்ட் அதோடு போகும், வசவு அவருக்கு விழும். கடைசியில் அலுத்துப்போய் எங்கள் வேண்டுகோளின் பேரிலேயே ஒரு க்ரான் போட்டார்: இரவு 2 மணிக்கு ஜாவா என்று பெயர் வரும் எல்லாவற்றையும் கொல். எங்களுக்கு இரவு 2 மணி என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் பிற்பகல். அங்கே இருந்த எங்கள் சகாக்கள் அதே சர்வரில்தான் வேலை செய்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் பில்டு விழுகிறதே என்று அவர்கள் எழுதிய மெயில்களுக்கு, நெட்வொர்க் பிரச்சினையாக இருக்கலாம் என்று பதில் போட்டோம். அந்த க்ரான் இருப்பது எங்களுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

இப்போது சிலவற்றைச் செய்திருக்கிறோம். ஒவ்வொரு பில்டும் தனி சி-குரூப்பில் ஓடுகிறது. ரத்தானால் குரூப் மொத்தமும் போகிறது. சர்வரை 8080இல் தொடங்குவதில்லை. 0 என்று கேட்டு, இயங்குதளம் தரும் காலிப் போர்ட்டை வாங்கிக்கொள்கிறோம். ஹெல்த் செக் வெறும் 200ஓடு கமிட்டின் எண்ணையும் சொல்ல வேண்டும். பொருந்தாவிட்டால் டெஸ்ட் தொடங்காது. ஒவ்வொரு பில்டுக்கும் தரவுத்தளத்தில் தனி ஸ்கீமா. இவற்றில் எதையும் செய்ய ஒரு ஸ்பிரிண்ட்கூட முழுசாகத் தேவைப்படவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. ரீட்ரையை எடுத்தபோது, ஃப்ளேக்கி என்று ஒதுக்கிய டெஸ்ட்களில் சில உண்மையான பிழைகளைத்தான் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தன என்று தெரிந்தது.

செய்யாதது இன்னும் இருக்கிறது. விண்டோஸ் ஏஜென்ட்களில் ரத்தான டெஸ்டின் டெஸ்ட்ஹோஸ்ட் ப்ராசஸ் டிஎல்எல்லைப் பிடித்துக்கொள்கிறது. வேறொரு ப்ராசஸ் இந்தக் கோப்பைப் பயன்படுத்துகிறது என்று அடுத்த பில்டு விழுகிறது. ஜாப் ஆப்ஜெக்ட்டுக்குள் ஓட்டும் வேலை டிக்கெட்டாக நிற்கிறது. யார் பெயருக்கும் போடவில்லை. டோன்ட் கில் மீ வரி டெஸ்ட் ஸ்கிரிப்டுகளிலிருந்து போய்விட்டது, ஒரு பழைய டிப்ளாய் ஸ்கிரிப்டில் மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். அங்கே அது தேவைதானா என்று சொல்லத் தெரிந்தவர் இப்போது குழுவில் இல்லை. மூடிய அந்த டிக்கெட்டை மறுபடி திறந்து, எழுப்பியவர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரை அப்படியே வைத்து, காரணத்தை முழுசாக எழுதி அவருக்கு அனுப்பினோம். “தேங்க்ஸ். அப்போ அந்த ரிலீஸ்ல போன லாகின் பக்கத்தை யாராவது மறுபடி டெஸ்ட் பண்ணீங்களா?” என்று பதில் வந்தது. பண்ணவில்லை. அதற்கு ஒரு டிக்கெட் போட்டிருக்கிறோம், இந்த முறை பெயரோடு.